சலவைக்கூடத்துப் பின்னால் நான் விழுங்கிய வாக்கியம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளாவேளைக்குப் பசித்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். முப்பத்தொரு வருஷம் வெளிநாட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான், போனில் மனிதர்கள் எதிராளிக்குப் பிடித்ததைத்தான் பேசுவார்கள், பிடிக்காததைச் சொல்ல வேண்டி வந்தால் லைன் சரியில்லை என்பார்கள். அதனால் எழுதி, உன் ஆபீஸ் இங்கே அனுப்பிய தாடிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் மகளுடைய பிரசவத்துக்காக நாளைக் காலை ஊருக்குப் புறப்படுகிறார், வழியில் உன் ஆபீசுக்கு வந்து கையிலேயே தருவார். உறையை ஒட்டவில்லை. நம் எழுத்தில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது ‘தண்ணீர்’, ‘ஆண்கள்’ இரண்டுதான், இரண்டாவது கழிப்பறைக் கதவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அப்பாவுக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார்கள், நான்காவது வாரமும் கழற்றாமல் வீட்டுக்குள் பெரிய மனிதர் மாதிரி நடக்கிறார், நேற்று அந்தக் கண்ணாடியோடே பேப்பர் படித்துவிட்டு அச்சு மங்கலாக இருக்கிறது என்று பேப்பர்காரரிடம் சண்டைக்குப் போனார். உன் அக்கா ஆறாவது மாடிக்குக் குடிபோய்விட்டாள், லிப்ட் வாரத்தில் நாலு நாள் ஓடுகிறது, மற்ற மூன்று நாள் மாப்பிள்ளை காய்கறிப் பையோடு ஏறி வந்து ஒரு மணி நேரம் யாரோடும் பேசுவதில்லையாம். அவள் இளைத்திருக்கிறாள், அது நல்லதற்குத்தான். உன் கடைவாய்ப் பல்லை இன்னும் காட்டவில்லை என்று அவள் சொன்னாள். வலி நின்றுவிட்டால் பல் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, போய்க் காட்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை உன் ஆபீசில் மற்றவர்களும் படிக்க வேண்டியிருக்கும், அதனால் உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் உன் ஆபீசிலிருந்து இரண்டு தன்னார்வலர்கள் இங்கே வந்தார்கள். ஒருத்தி இன்ஜினீயர் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், நம் மாடி அறையில்தான் தங்குகிறாள், வந்த முதல் நாளே அதன் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டதால் அப்பா அவளுக்கு நெட்டை என்று பேர் வைத்துவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. இன்னொருவர் தாடிக்காரர், குழாய் வேலையில் நாற்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். நம் தெருக்கோடி ஆஸ்பத்திரியின் கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து, நிலத்தடித் தொட்டியில் சேர்த்து, வடிகட்டி, சோலாரில் ஓடும் மோட்டாரால் வார்டுகளுக்கு ஏற்றுவது திட்டம். லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த ஆஸ்பத்திரி அது. உன் ஆபீஸ், ஆஸ்பத்திரி, நகராட்சி மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட கூட்டுத் திட்டம், உன் பக்கத்தில் பொறுப்பு உன்னுடையது. ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு வரி இருந்தது. ஆள் தேட நேரமில்லை என்று நீ என்னைச் சொன்னாய். அம்மாவுக்கு ரெண்டு பாஷையும் தண்ணி பட்ட பாடு, அம்மா பாத்துக்குவாங்க என்று உன் மேலதிகாரியிடம் சொன்னதாக நீயே பெருமையாகச் சொன்னாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்று எட்டு வருஷம் கழித்து யாரோ என்னைத் தேடுகிறார்கள் என்று கைக்கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டாவது வாரம் தொட்டிக்கு இடம் பார்க்கப் போனோம். நெட்டை, தாடிக்காரர், வரைபடத்தோடு நகராட்சி இன்ஜினீயர், நான். சலவைக்கூடத்துப் பின்னால் ஒரு மூலை காலியாக இருந்தது, கூரைக்குழாய் இறங்கும் இடத்துக்கும் பக்கம். சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், இருபத்தாறு வருஷமாக அதே கூடத்தில் இருக்கிறாள், பேச ஆரம்பித்தால் கமா உண்டு, முற்றுப்புள்ளி கிடையாது. வெந்நீர் அண்டாவுக்கு மூடி இல்லை, தரை வழுக்குகிறது, மாற்று ஆள் கேட்டு ரெண்டு வருஷமாச்சு, மேற்பார்வையாளர் மூஞ்சி கொடுத்துப் பேசுவதில்லை, முழங்கால் இரண்டும் போய்விட்டது என்று கால்மணி நேரம் ஓடியது. இன்ஜினீயர் கடிகாரத்தைப் பார்த்து, இந்தம்மா எப்பவும் இப்படித்தான், விட்டா பொழுது சாஞ்சிடும் என்றார். அந்தப் பேச்சின் நடுவில், மேற்பார்வையாளருக்கும் முழங்காலுக்கும் இடையில், அவள் சொன்னது இது: “இந்த மூலையில மட்டும் தோண்டாதீங்க. பக்கத்துலயே பழைய கக்கூஸ் குழாய் போகுது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் மண்ணைப் போட்டு மூடினாங்க, ஆனா பழைய கட்டடத்துக்காரங்க இன்னும் அதுலதான் விடறாங்க. மழை பேஞ்சு ரெண்டு நாள் ஆனா இங்க மண்ணு ஊறி நாறும்.” நெட்டை என்னைப் பார்த்து, என்ன சொல்றாங்க என்று கேட்டாள். தொட்டி வந்தால் துணி காயப்போட இடம் போய்விடுமோ என்று கவலைப்படுகிறார்கள் என்றேன்.

காதில் விழவில்லையா என்று நீ கேட்பாய். விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது, அதனால்தான் இப்போது எழுத முடிகிறது. அப்படி ஒரு குழாய் இருந்தால் வரைபடத்தில் இருக்காதா என்று நினைத்தேன், அது ஒன்று. கால்மணி நேரப் புலம்பலில் இதுவும் ஒரு புலம்பல் என்று எடுத்துக்கொண்டது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை எழுதக் கை கூசுகிறது, வெளியாட்கள் முன்னால் இவள் கக்கூஸ், நாற்றம் என்று பேசுகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இன்ஜினீயருக்கும் நம் மொழி தெரியும், அவரும் பக்கத்தில்தான் நின்றார், அவர் காதில் என்ன விழுந்தது என்பது அவர் பாடு. கேட்டதைச் சொல்வது என் வேலை, அவருடையது இல்லை. அடுத்த வாரமே நெட்டை தன் செலவில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு நீளமாகத் துணிக்கொடி கட்டிக் கொடுத்தாள். சலவைக்கூடத்து அம்மா கம்பத்தைப் பார்த்தாள், நெட்டையைப் பார்த்தாள், போர்வைகளைக் காயப்போட்டாள்.

தொட்டி கட்டி முடிய நான்கு மாதம் ஆயிற்று. திறப்பு அன்று உன் மேலதிகாரி விமானத்தில் வந்தார், நகராட்சித் தலைவர் வந்தார், போட்டோ எடுத்தார்கள். நீடித்த வளர்ச்சி என்ற சொல் மேடையில் ஒன்பது தடவை வந்தது, ஒன்பதையும் ஒன்று விடாமல் மொழிபெயர்த்தேன். இரண்டு மாதம் தண்ணீர் நன்றாகவே இருந்தது, மாதப் பரிசோதனையிலும் குறை ஒன்றும் தெரியவில்லை. பிறகு மழை விடாமல் ஆறு நாள் பெய்தது. எட்டாம் நாள் குழந்தைகள் வார்டில் ஏழு பேருக்கு வயிற்றுப்போக்கு. ஆறு பேர் இரண்டு நாளில் தேறிவிட்டார்கள். ஒரு பெண் குழந்தை, நாலு வயது, கடைத்தெருத் தையல்காரரின் மகள், கை எலும்பு முறிந்து கட்டுப் போட வந்திருந்தவள், அவளுக்கு நான்கு நாள் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் நாள் அவள் அசையவில்லை என்று நர்ஸ் ஓடியதை நான் நடைவழியில் நின்று பார்த்தேன். பிழைத்துக்கொண்டாள். இதை முன்னாலேயே எழுதிவிடுகிறேன், படிக்கும்போது நீ பயப்பட வேண்டாம்.

தண்ணீரை நிறுத்தித் தொட்டியைக் காலி செய்தார்கள். தாடிக்காரர் ஏணி போட்டு இறங்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மேலே வந்து டார்ச்சை நெட்டையிடம் கொடுத்தார். மண் இறங்கியதில் தொட்டிச் சுவரின் மூலை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது, வெளிப்பக்கம் தோண்டிப் பார்த்தால் அதற்கு இரண்டடி தள்ளி அந்தப் பழைய குழாய், வரைபடத்தில் இல்லாத குழாய். சலவைக்கூடத்து அம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவள், நான் அன்னிக்கே சொன்னேனே என்றாள். நெட்டை என் பக்கம் திரும்பினாள். முன்பே சொன்னதாகச் சொல்கிறார்கள் என்றேன். யார்கிட்ட என்று கேட்டாள். பொதுவாகச் சொன்னார்களாம் என்றேன். முதல் தடவை நான் செய்தது அசட்டை. இரண்டாம் தடவை செய்தது பொய். இரண்டுக்கும் நடுவில் ஏழு குழந்தைகள் இருந்தார்கள், அதற்குப் பிறகும் பொய்தான் வாயில் வந்தது.

நெட்டை அன்றைக்கே அறிக்கை எழுத உட்கார்ந்தாள். உள்ளூர் ஊழியர்களைச் சரியாகக் கலந்து பேசவில்லை, குழுத் தலைவி என்ற முறையில் தவறு என்னுடையது என்று எழுதி உங்களுக்கு அனுப்பினாள். அவளைத் திருப்பி அழைப்பது பற்றி இருபதாம் தேதி கூட்டம் என்று போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய். “அவங்களே ஒத்துக்கிட்டாங்கம்மா, நல்லதாப் போச்சு, இல்லேன்னா என் தலையில விடிஞ்சிருக்கும்” என்றும் சொன்னாய். உன் குரலில் நிம்மதி இருந்தது. நான் போனை வைத்தேன். சோபாவில் படுத்திருந்த அப்பா, யாரு எதை ஒத்துக்கிட்டாங்க என்று கேட்டார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா அப்போ என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். சொட்டு மருந்து போடும் நேரம் ஆயிற்று, போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை சலவைக்கூடத்துக்குப் போனேன். அவள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் அன்றைக்குச் சொன்னதை நான் அவர்களிடம் சொல்லவே இல்லை என்றேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை, விரிப்பின் மறுமுனையை என் கையில் கொடுத்து, பிடிங்க என்றாள். ஆறேழு விரிப்பு மடித்த பிறகுதான் பேசினாள். “கம்பம் வந்தப்பவே நெனச்சேன்க்கா, நான் சொன்னது ஒண்ணு வந்தது ஒண்ணுன்னு. படிச்சவங்க, குழாயை வேற பக்கம் திருப்பியிருப்பாங்க, இது அதுக்கு மேல ஒரு உபகாரம்னு விட்டுட்டேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கணும்.” நீங்கள் ஒரு தடவை சொன்னதே போதும், உங்கள் வேலை அதோடு முடிந்தது என்றேன். “அப்படின்னா அதை அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க, என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. ஓரத்தை இழுத்துப் பிடிங்க, சுருக்கம் விழுது.”

நெட்டை ஆஸ்பத்திரி ஸ்டோர் அறையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் போட்ட மேஜையில் புது வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மொழியில், காதில் விழவில்லை என்பதற்கும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்பதற்கும் பொதுவாக ஒரு சௌகரியமான சொல் உண்டு. அதை நான் எடுக்கவில்லை, விட்டுவிட்டேன் என்றே சொன்னேன். எந்தத் தேதி என்று கேட்டாள். நோட்டுப்புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள், ‘சலவைக்கூடம்: துணிக்கொடி தேவை’ என்று அழகான கையெழுத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள். பிறகு சொன்னாள், கத்தவில்லை. “ஒன்பது நாளா என்ன கேக்க மறந்தேன், யாரைக் கேக்காம விட்டேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து டீ ஊத்திக் கொடுத்தீங்க.” இரண்டு நாள் அவள் எங்களோடு சாப்பிடக் கீழே வரவில்லை, படியில் எதிரே வந்தபோதும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். மூன்றாம் நாள் வந்தாள். அறிக்கையைத் திருப்பி வாங்கப்போவதில்லை, அந்த அம்மாவை இடத்தைக் கையால் காட்டச் சொல்லி, வரைந்து காட்டச் சொல்லி நானே சரிபார்த்திருக்கலாம், அது என் வேலைதான் என்றாள். ஆனால் நீங்கள் எழுதுவது அதோடு சேர்ந்து போகட்டும் என்றாள். என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தையல்காரர் கடைக்கும் போனேன். அப்பா வேண்டாம் என்றார், போய்த்தான் ஆகவேண்டும் என்று போனேன். குழந்தை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, கட்டுப் போடாத கையால் பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தது, முகம் இன்னும் தேறவில்லை. நான் யார், என்ன செய்தேன் என்று அவரிடம் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். “இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “சொல்லிட்டீங்க” என்று மிஷினை மறுபடி ஓட்ட ஆரம்பித்தார். கடைக்குள் வேறு ஆள் இல்லை, நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. குழந்தைதான் மேஜைக்கு அடியிலிருந்து எட்டிப்பார்த்து, துணி கொண்டாந்தீங்களா என்று கேட்டது. இல்லை என்றேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இங்கே வேலை நிற்கவில்லை. சலவைக்கூடத்து அம்மா ஒரு வாளிச் சுண்ணாம்புப் பொடியோடு ஆஸ்பத்திரி வளாகம் முழுக்க நடந்து, பூமிக்கு அடியில் எது எங்கே ஓடுகிறது என்று கோடு போட்டுக் காட்டினாள், வரைபடத்தில் இல்லாத குழாய் மூன்று. நகராட்சி இன்ஜினீயர் பென்சிலோடு அவள் பின்னாலேயே நடந்து குறித்துக்கொண்டார், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பழைய கட்டடத்துக் கழிவை வேறு வழியாக வெளியேற்ற நகராட்சி ஒத்துக்கொண்டிருக்கிறது, புதுத் தொட்டி சமையலறைப் பக்கம் வருகிறது. தாடிக்காரரும் அவளும் சேர்ந்து இடம் பார்த்ததைப் பார்க்க வேண்டும், அவர் காலால் தட்டுவார், இவள் தலையை ஆட்டுவாள், இன்னும் ரெண்டடி தள்ளு என்று கையைக் காட்டுவாள், அவர் தள்ளுவார், யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. எனக்குப் பதிலாக மருந்தகத்தில் வேலை பார்க்கும் பெண்ணை முறையாக நியமித்திருக்கிறார்கள். யார் எது சொன்னாலும் முதலில் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு, சொன்னவரிடமே வாசித்துக்காட்டிவிட்டு அப்புறம்தான் மொழிபெயர்க்கிறாள். நேரம் இரட்டிப்பாகிறது, இன்ஜினீயருக்குத்தான் கஷ்டம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெற்றவளை நம்பியது தப்பில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரியை நிரப்ப நேரமில்லை என்று வீட்டு ஆளைப் போட்டாய், நான் தப்பு செய்தால் கேட்க அங்கே ஒருவரும் இல்லாமல் போயிற்று. உன் அம்மா, வயதில் பெரியவள், என்னைக் கேள்வி கேட்கக்கூடாது என்று நெட்டையும் இருந்துவிட்டாள். இந்தக் கடிதத்தை நீ கூட்டத்தில் வைத்தால் உன்னிடமும் கேள்வி வரும். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் இதே போல்தான் எழுதியிருப்பேன். நீ வைக்காவிட்டால் அங்கே ஒருவருக்கும் தெரியப்போவதில்லை, நெட்டை வாய் திறக்க மாட்டாள், அவள் சுபாவம் அப்படி. இங்கே இன்னும் ஐந்து மாத வேலை இருக்கிறது, அதை முடிக்கத் தெரிந்தவள் அவள்தான், சலவைக்கூடத்து அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். அந்தப் பொண்ணை அனுப்பிட்டா அடுத்து வர்றவங்களுக்கு நான் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், முழங்காலு தாங்காது என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. ரோட்டைக் கடக்கும்போது போனைப் பையில் போடு. உடம்புக்குக் குறைவில்லாமலும் மனசுக்குப் பாரமில்லாமலும் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் தினமும் நினைத்துக்கொள்கிறோம், எங்கே இருந்தாலும் உனக்கு நல்லதே நடக்கட்டும்.

மறந்துவிடாதே, கூட்டம் இருபதாம் தேதி, வியாழக்கிழமை. அவர்கள் மொழியில் ஒரு பிரதியும் தனி உறையில் ஒட்டிச் சேர்த்திருக்கிறேன், ஒரு வரியும் விடவில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள். அதைக் கூட்டத்தில் முழுதாக வாசி. மொழிபெயர்ப்பாளர் எழுதியது என்று சொல்லி வாசிக்காதே. என் அம்மா எழுதியது என்று சொல்லிவிட்டு வாசி.

இப்படிக்கு,
உன் மேல் பிரியம் குறையாத
அம்மா